நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் இசை வாசிப்பவர்கள் வேறு வழியில்லாமல்தான் அங்கே நிற்கிறார்களா?

சிலர் அப்படித்தான். ஆனால் எல்லோரையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே 1985இல் 'மியூசிக் அண்டர் நியூயார்க்' என்ற பெயரில் தொடங்கிய திட்டம் நடக்கிறது. நடுவர்கள் முன் வாசித்துத் தேர்வானால், கூட்டம் அதிகமுள்ள நிலையங்களில் இடமும் நேரமும் ஒதுக்குவார்கள். சம்பளம் கிடையாது, பெட்டியில் விழும் காசுதான் வருமானம். தேர்வாகாதவர்களும் நடைமேடையில் வாசிக்கலாம், ஆனால் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. ஓடும் ரயிலுக்குள் வாசிப்பது விதிப்படி தவறு. (விதி ஒரு பக்கம், நடப்பது ஒரு பக்கம்!)

இந்தச் சுதந்திரமும் சும்மா வந்ததில்லை. 1936இல் மேயர் லா கார்டியா தெரு இசைக்கே தடை போட்டார். 1970இல்தான் அது நீங்கியது.

சரி, ஏன் அங்கே? காசு முதல் காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. கிளப்பில் வாசிக்க முதலாளி தயவு வேண்டும், இங்கே வேண்டாம். குளிர்காலத்தில் தெருவைவிடக் கீழே கதகதப்பு. ஓடு பதித்த சுவர்கள் வயலினுக்கும் சாக்சபோனுக்கும் நல்ல எதிரொலி தரும். நின்று கேட்கும் ஒருவர் கல்யாணத்துக்கு வாசிக்கக் கூப்பிடலாம். அப்புறம், கடந்து போகிறவரை நிறுத்துவது தனிப் போதை.

திறமைக்கும் வசூலுக்கும் பெரிய தொடர்பில்லை. 2007இல் வாஷிங்டன் மெட்ரோவில் உலகப் புகழ் வயலின் கலைஞர் ஜோஷுவா பெல் அடையாளம் காட்டாமல் முக்கால் மணி நேரம் வாசித்தார். கடந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல், நின்று கேட்டவர்கள் ஏழே பேர். என்னைக் கேட்டால், காலை அலுவலக நேரத்தில் அவரை வாசிக்க வைத்ததே கொஞ்சம் அநியாயம்.