மாடித்தோட்டத்தில் முள்ளங்கி இலை மட்டும் தழைக்கிறது, கிழங்கு பிடிக்கவில்லை. என்ன செய்வது?

ஒன்றரை மாதம் ஆகிறது, வாரம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், இலை முழங்கை நீளம், பிடுங்கினால் எலிவால் போல வேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எலிவால் எனக்கு நன்றாகப் பழக்கம். திருச்சியில் எங்கள் மாடியில் முதல் இரண்டு தடவையும் அதுதான் வந்தது. "கீரைக்குப் போட்டியா, கிழங்குக்குப் போட்டியா?" என்று அம்மா கேட்டார்.

முதலில் புண்ணாக்கை நிறுத்துங்கள். கடலைப் புண்ணாக்கில் இலையை வளர்க்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) 7 சதவீதம் வரை உண்டு. கிழங்குக்கு உதவும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) தனித்தனியே அந்த அளவில் கால் பங்குகூட இல்லை. அதை வாராவாரம் ஊற்றினால் செடி இலையைத்தான் விடும். விதைக்கும் முன்பே மண்ணில் மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ கலந்துவிட்டால் 45 நாள் பயிருக்கு அதுவே போதும்.

ஆனால் எங்கள் மாடியில் புண்ணாக்கைவிடப் பெரிய வினை நெருக்கம். ஒரு பையில் எத்தனை செடி விட்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் விதையைக் கீரை விதை போலத் தூவினேன். நான்காம் நாள் பை முழுக்கப் பச்சை. பார்க்க அவ்வளவு அழகு, ஒன்றைக்கூடப் பிடுங்க மனசு வரவில்லை. ஒட்டி ஒட்டி நிற்கிற செடிகள் வெளிச்சத்துக்கு முந்திக்கொண்டு மேலே போகுமே தவிர, கீழே பருக்க இடம் ஏது? இப்போது 15 அங்குலப் பையில் ஆறு குழிதான். குழிக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம், குழிக்குக் குழி நான்கு அங்குலம். மூன்று இலை விட்டதும் இளைத்ததைக் கத்திரியால் வெட்டிவிடுவேன். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும். வெட்டிய நாற்று அன்றைய பருப்புக் கூட்டில் போய்விடும், அதனால் வருத்தமும் இல்லை.

நாற்றங்காலில் விட்டுப் பிடுங்கி நடுவது முள்ளங்கிக்கு ஒத்துவராது. ஆணிவேரின் நுனி ஒடிந்தால் கிழங்கு இரண்டாக, மூன்றாகக் கால் பிரியும். கல், மண்கட்டி, மக்காத சாணம் இருந்தாலும் அதே கதைதான். நீள வெள்ளை முள்ளங்கிக்குப் பை ஓரடி ஆழமாவது இருக்கட்டும். பாதிக்குப் பாதி செம்மண்ணும் தேங்காய் நார்க்கழிவும், கூடவே இரண்டு கை மணலும் சேர்த்தால் விரல் உள்ளே போகிற பதத்தில் மண் கிடைக்கும்.

சரி, வெயில்? ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நான் வைத்த இரண்டு பைகளில் இன்றுவரை கிழங்கு பார்த்ததில்லை. ஆனால் சித்திரைக் கத்திரியில் விதைத்தாலும் கஷ்டம். கிழங்கு காரம் ஏறி, நார் தட்டிப்போகும். நம் சமவெளிக்குப் புரட்டாசிக் கடைசியிலிருந்து தை வரை நல்ல பருவம். ஐப்பசி அடைமழைக்குப் பயந்து நான் கார்த்திகையில் விதைக்கிறேன். விதை வாங்கும்போது ரகத்தின் பெயரைக் கேளுங்கள். பூசா சேட்கி வெயில் தாங்கும், 40 முதல் 45 நாளில் வந்துவிடும். ஜப்பானீஸ் ஒயிட் குளிர் கேட்கும், நாளும் கூடுதல். சிவப்பு உருண்டை முள்ளங்கி படத்தில் நன்றாக இருக்கும். ஊட்டிக்காரர்களுக்கு வரும், திருச்சி வெயிலில் எனக்கு வரவில்லை.

தண்ணீரில் ஒரு பாடம் எனக்குப் பொங்கலில் கிடைத்தது. நான்கு நாள் ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்த பதற்றத்தில் பைக்கொரு குடம் ஊற்றினேன். மறுநாளே கிழங்கெல்லாம் நெடுக வெடித்திருந்தது. காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று ஈரம் ஏறினால் உள்சதை வீங்குகிற வேகத்துக்குத் தோல் விரியாது. மண் எப்போதும் லேசாக நனைந்திருந்தால் போதும். மேலே காய்ந்த இலையைப் பரப்பிவிட்டுப் போயிருக்கலாம்.

பூச்சி என்றால் மூன்றுதான் நான் பார்த்தவை. இலையில் ஊசி குத்தியது போலப் பொத்தல் இருந்தால் தெள்ளு வண்டு. இலையடியில் கூட்டமாக அப்பியிருந்தால் அசுவினி. தொட்டதும் சுருண்டு கீழே விழுகிற கறுப்புப் புழுவைக் காலையிலும் மாலையிலும் கையால் பொறுக்கிவிடலாம். மற்ற இரண்டுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய நான்கு சொட்டு சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு.

அப்புறம், கிழங்கின் தோள் மண்ணுக்கு மேலே எட்டிப் பார்த்தால் நாளை என்று தள்ளாதீர்கள். இன்னும் பருக்கட்டும் என்று நான் இரண்டு வாரம் விட்டதில், நறுக்கினால் உள்ளே நெட்டி, சாம்பாரில் போட்டும் வேகவில்லை.

இப்போது உங்கள் பையில் நிற்பவை இனிக் கிழங்கு வைக்கும் என்று நான் நம்பவில்லை. இளம் இலையைப் பறித்துப் பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்யுங்கள். செடிகளில் இரண்டை மட்டும் விட்டுவையுங்கள். பூத்துக் காய்த்தால் அந்தப் பிஞ்சுக் காயும் பொரியலுக்கு ஆகும், முள்ளங்கியின் அதே காரத்தோடு.