மதிப்பெண் எங்கே போனது?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியின் ஆறு பருவங்களில் நான்கு முடிந்துவிட்டன. என் சராசரி 68. கல்லூரிக்கு விண்ணப்பிப்பதற்குள் அதை 75 ஆக்க விரும்புகிறேன். இரவு ஒரு மணி வரை படித்தும் கணிதத்தில் 52-ஐத் தாண்ட முடியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். எல்லாப் பருவங்களுக்கும் சம மதிப்பு என்று கொண்டால், ஆறு பருவச் சராசரி 75 ஆக மொத்தம் 450 வேண்டும். உங்கள் கையில் 272 இருக்கிறது. மீதமுள்ள இரண்டு பருவங்களிலும் 89 எடுத்தாக வேண்டும். கடைசிப் பருவ மதிப்பெண் வருவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டியிருந்தால், ஐந்தாம் பருவத்தில் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் 75 வராது. ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு, அடுத்த பருவத்தில் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு விண்ணப்பத்தையும் படித்துத் தேர்வு செய்யும் கல்லூரிகள் 68-இலிருந்து 80-க்கு வந்த ஏற்றத்தைக் கவனிக்கும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் வரிசைப்படுத்துபவை கவனிக்காது. நீங்கள் நாடும் கல்லூரி எந்த வகை என்பதை இப்போதே விசாரித்துவிடுங்கள்.

ஐந்து பாடங்கள் என்றால், கணிதம் 52-இலிருந்து 70-க்கு வந்தாலே பருவச் சராசரி 3.6 கூடும். நன்றாக வரும் பாடத்தில் இன்னும் இரண்டு மதிப்பெண்ணுக்கு மல்லுக்கட்டுவதைவிட இது லாபம்.

புதிய கால அட்டவணை போடும் ஆசை உங்களுக்கு வந்திருக்கும். (அட்டவணை போட்ட அன்றே பாதி படித்துவிட்ட நிம்மதி வந்துவிடும் என்பதுதான் அதன் ஆபத்து.) அதற்குப் பதிலாக, திருத்தித் தந்த கடைசிக் கணித விடைத்தாளை எடுத்து, இழந்த 48 மதிப்பெண்களுக்கும் ஒவ்வொன்றாகக் காரணம் எழுதுங்கள்: பாடமே புரியவில்லை, தெரிந்தும் தவறு செய்தேன், நேரம் போதவில்லை. மூன்றாம் வரியில் இருந்த கழித்தல் குறி நான்காம் வரியில் காணாமல் போயிருந்தால், அந்த அத்தியாயத்தை மறுபடி படிப்பதால் எதுவும் மாறப்போவதில்லை. அடைப்புக்குறியை நீக்கும் ஒவ்வொரு இடத்திலும் நின்று சரிபார்க்கும் பழக்கம்தான் வேண்டும். புரியாத பகுதிக்கு ஆசிரியரிடம் செல்லுங்கள். ஆனால் "கணக்கு வரவில்லை" என்று சொல்லாமல், எந்த வரி வரை வந்தது, எங்கே நின்றது என்பதைத் தாளோடு காட்டுங்கள்.

மற்ற பாடங்களில், படித்ததையே மறுபடி மறுபடி படிப்பதை நிறுத்துங்கள். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதில் சுமார் 40 சதவீதத்தையே நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்து, பிறகு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் சுமார் 61 சதவீதத்தை நினைவுகூர்ந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோதோ, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். படித்து முடித்ததும் "எல்லாம் வந்துவிட்டது" என்று தோன்றி, தேர்வு அறையில் அது கைவிடுவது இதனால்தான்.

இரவு ஒரு மணி என்பதைப் பத்தரையாக்குங்கள். படித்தது மனத்தில் நிலைக்கத் தூக்கம் உதவுகிறது; கழித்தல் குறி தொலைவதிலும் தூக்கக் கலக்கத்துக்குப் பங்கு இருக்கலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: சராசரியைக் காப்பாற்றுவதற்காகக் கணிதத்தை விட்டு எளிய பாடத்துக்கு மாறுவது. நீங்கள் சேர விரும்பும் துறை கணிதத்தைக் கட்டாயமாகக் கேட்டால், உயர்ந்த சராசரியோடும் விண்ணப்பம் முதல் கட்டத்திலேயே நின்றுவிடும்.