படியை மூடினால் ஆற்று வழியாக ஏறலாமா?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் இந்த வார இறுதியில் கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போவதாக இருந்தோம். மழையால் படிக்கட்டு வழியை மூடிவிட்டார்களாம். லீவு போட்டாச்சு, வண்டியும் பேசியாச்சு. கீழே புளியஞ்சோலையிலிருந்து ஆற்றோடு ஏறினால் அருவிக்கே போய்விடலாம், வழி தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவர் இருக்கிறார் என்கிறான் நண்பன். போகலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு வழி உண்டு. ஆனால் அது எந்த ஆறு என்று யோசித்துப் பாருங்கள். ஆகாய கங்கையாக விழுகிற அதே அய்யாறுதான் கீழே புளியஞ்சோலைக்கு இறங்கி வருகிறது. மேலே தண்ணீர் அதிகம் என்றுதானே படியை மூடினார்கள்? அந்தத் தண்ணீர் வந்து சேருகிற ஆற்றுக்குள்ளேயே இறங்கி, பாறை பாறையாகத் தாவி எதிரே ஏறப் போகிறேன் என்கிறீர்கள். மூடிய நாளில் படியைவிட அதுதான் மோசமான வழி.

கொல்லிமலையின் மேல்பகுதி ஊரும் வயலுமாகப் பரந்து கிடக்கிற இடம். அங்கே எங்கோ பெய்கிற மழை ஓடைகளில் சேர்ந்து, புனலில் ஊற்றியது போல அந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள் வந்து விழுகிறது. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம், அதை நம்பக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மலைமேல் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அது வாகனம் போய் நிற்கிற, ஆயிரம் பேர் குளிக்கிற அருவி. புளியஞ்சோலைக்கு மேலே காட்டுக்குள் அப்படி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? போன் எடுக்கும் என்று எண்ணிக்கொண்டு போக முடியாது.

உள்ளூர்க்காரர் துணை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மலைக்காரர்களுக்குக் காடு தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கால் போகிற பாசிப் பாறையில் உங்கள் ஆறு பேர் காலும் போகாது. ஒருவருக்குக் கணுக்கால் பிசகினால் மற்ற ஐந்து பேரும் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதோடு காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் வருட வனச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்தன. அனுமதி கேட்பது வெறும் சம்பிரதாயம் இல்லை. எத்தனை பேர் உள்ளே போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று வெளியே ஒருவருக்காவது தெரிய வேண்டும்.

சரி, லீவை என்ன செய்வது? மலைக்குப் போங்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறுவதே ஒரு அனுபவம், மழை விட்ட மறுநாள் என்றால் இன்னும் நன்றாக இருக்கும், ஆனால் மண் சரிந்து ரோடு அடைத்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அறப்பளீஸ்வரரைப் பாருங்கள், சீக்குப்பாறையில் நின்று கீழே சமவெளியைப் பாருங்கள், சோளக்காட்டில் மிளகும் பலாப்பழமும் வாங்குங்கள். குளித்தே ஆக வேண்டும் என்றால் மாசிலா அருவி இருக்கிறது, ‘நம் அருவி’ என்றே பெயருள்ள இன்னொன்றும் இருக்கிறது. அங்கேயும் அனுமதி உண்டா என்று மலைமேல் உள்ள செம்மேடு ஊரில் கேட்டுவிட்டுப் போங்கள். தெளிவாக விழுந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கனத்தாலோ, சோப்பையும் துண்டையும் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள்.

கேள்வி: படி திறந்ததும் என் அம்மாவை ஆகாய கங்கைக்குக் கூட்டிப்போக ஆசை. அறுபது வயது, லேசாக மூட்டு வலி. முடியுமா?
– வாசகி, ராசிபுரம்

பதில்: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், அதுவும் செங்குத்தாக. மற்ற மலைக்கோயில்களில் முதலில் ஏறிவிடுவோம், திரும்பும்போது இறக்கம். இங்கே தலைகீழ். உற்சாகமாக இறங்கிவிட்டு, குளித்துக் களைத்த பிறகு ஈர உடம்போடு மொத்தப் படியும் ஏற வேண்டும். இறங்கும்போதே முழங்காலுக்குப் பாதி வலி வந்துவிடும். அம்மாவை அறப்பளீஸ்வரர் கோயிலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வரலாம், அவர் அருவியில் நனைய வேண்டும் என்றால் மாசிலா அருவிக்கு அழைத்துப் போங்கள், அங்கே படி குறைவு. எப்படிப் போனாலும் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் மலையில் மழை கூடுகிற மாதங்களில் மாலை வரை இழுக்க வேண்டாம்.