அம்மாவின் முதியோர் பணமும் கடையின் கல்லாவும்

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் அம்மாவோடு வசிக்கிறேன். எனக்கு வயது 31. ஒரு பெரிய மளிகை சூப்பர்மார்க்கெட்டில் ஏழு ஆண்டுகளாகக் கேஷியராக இருக்கிறேன். மேலாளர் வாடிக்கையாளர் முன்னிலையிலேயே என்னைத் திட்டுகிறார். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் மேற்பார்வையாளர்களாகிவிட்டார்கள். மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடையிலேயே போகின்றன. பெரிய வெள்ளியன்று ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப்போகக்கூட முடியவில்லை. நான் சாப்பிட எழுந்தால் வேறொருவர் என் கேஷியர் எண்ணிலேயே கல்லாவில் உட்காருகிறார். இந்த ஆண்டு மூன்று முறை கல்லாவில் பணம் குறைந்தது: 180, 240, 320 ராண்ட். அம்மா தமக்கு அரசு தரும் முதியோர் பணத்திலிருந்து கொடுத்துவிட்டார்கள், அதனால் பிரச்சினை எதுவும் ஆகவில்லை. டர்பனின் பீனிக்ஸ் பகுதியில் கைபேசிக் கடை திறக்கப்போகும் நண்பன் என்னை வரச் சொல்கிறான். சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்கிறான். இந்த மாதமே வேலையை விட்டுவிடலாமா?

பதில்:

தம்பி, மேலாளரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், அம்மாவின் பணத்தைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு வந்ததும் எனக்கு மேலாளர் மறந்துபோனார். கடை வேலையை விடலாமா என்று கேட்கும் கடிதங்கள் பல ஆண்டுகளாக இந்தப் பக்கத்துக்கு வருகின்றன. டிசம்பர் வியாபாரம் ஓய்ந்ததும் கட்டுக்கட்டாக வரும். கடுஞ்சொல் பேசும் மேலாளர், கிடைக்காத பதவி உயர்வு, பறிபோன ஞாயிற்றுக்கிழமை ஆகியவை எல்லாக் கடிதங்களிலும் உண்டு. கடைக் கல்லாவில் விழுந்த துண்டைத் தாயின் முதியோர் பணத்தால் அடைத்துவிட்டு, அதே மூச்சில் பிரச்சினை எதுவும் ஆகவில்லை என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான்.

யாருக்குப் பிரச்சினை ஆகவில்லை? கடைக்கு ஆகவில்லை, அதன் கணக்கு நேராகிவிட்டது. உங்களுக்கும் ஆகவில்லை, மறுநாள் அதே நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். மூன்று தடவையும் நட்டப்பட்டவர் அந்தக் கடையில் ஒரு நாளும் வேலை செய்யாத ஒரு முதியவர்.

அந்தப் பணம் அவர் கைக்கு எப்படி வருகிறது என்பது நாட்டில் வேறு எவரையும்விடக் கேஷியரான உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதத் தொடக்கத்தில், முதியோருக்குப் பணம் விழும் நாளில், கடை திறக்குமுன்பே பாட்டிமார்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கைப்பையின் உள்ளறையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டி, ரகசிய எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தி, நீங்கள் எண்ணிக் கொடுக்கும் நோட்டுகளைத் தாமும் ஒரு முறை எண்ணுவார்கள். பிறகு அதில் கொஞ்சத்தை உங்களிடமே திருப்பிக் கொடுத்து, வீட்டு மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டும் டோக்கன் கேட்பார்கள். உங்கள் அம்மாவும் இப்படித்தான் ஏதோ ஒரு கல்லாவின் முன் நின்று வாங்கிவந்திருப்பார். ஒரு கல்லாவிலிருந்து வந்த அந்தப் பணத்தை இன்னொரு கல்லாவில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறீர்கள். மொத்தம் 740 ராண்ட். அதில் எத்தனை மூட்டை அரிசி, எத்தனை போத்தல் எண்ணெய் வாங்கலாம் என்பதை நாள் முழுவதும் அவற்றுக்கு விலை போடும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவாகத்தான் கொடுத்தார் என்று சொல்வீர்கள். பிள்ளையின் வேலைக்கு ஆபத்து என்று காதில் விழுந்தால் எந்தத் தாயும் காதில் கிடப்பதைக் கழற்றிக் கொடுப்பாள். அவள் கொடுத்தாள் என்பது நீங்கள் வாங்கியதற்கு நியாயமாகாது. படிக்கும் வயதில் தாயின் பணத்தை வாங்கலாம், நோயில் விழுந்தால் வாங்கலாம். 31 வயதில், மாதச் சம்பளம் வாங்கும் மகன், தன் முதலாளியின் நட்டத்தை ஈடுகட்டத் தாயிடம் கை நீட்டியதை நான் குற்றம் என்றே சொல்வேன். சம்பளம் வந்ததும் முதல் நோட்டைத் தாயின் கையில் வைப்பதுதான் நம் வீடுகளின் வழக்கம். உங்கள் வீட்டில் அந்த வழக்கம் தலைகீழாகியிருக்கிறது.

சட்டப்படியும் அந்தப் பணத்தை அப்படிக் கேட்கக் கடைக்கு உரிமை இல்லை. 1997-ஆம் ஆண்டின் அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம், 34-ஆம் பிரிவில், நட்டத்துக்காகச் சம்பளத்தில் பிடிப்பதற்கே கடுமையான கட்டுப்பாடுகளை வைத்திருக்கிறது. நட்டம் வேலையின்போது, உங்கள் தவற்றால் நேர்ந்திருக்க வேண்டும். முறையாக விசாரித்து, ஏன் பிடிக்கக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். குறிப்பிட்ட அந்தக் கடனுக்கு நீங்கள் எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். அப்போதும் பிடிக்கும் தொகை உண்மையான நட்டத்தை மிஞ்சக் கூடாது, மொத்தப் பிடித்தம் பணச் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் விஷயத்தில் இவற்றில் எது நடந்தது? சம்பளத்தில் பிடித்திருந்தால் சம்பளச் சீட்டிலாவது ஒரு வரி இருந்திருக்கும். கையிலிருந்து கொடுத்ததால் கடைக்குப் பணம் கிடைத்தது, உங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. நாளை கணக்கில் பெரிய தொகை குறைந்தால், முன்பு மூன்று முறை இவரே ஒப்புக்கொண்டு கட்டினார் என்று உங்களையே காட்டுவார்கள்.

அதிலும் கல்லாவில் நீங்கள் மட்டும் உட்காரவில்லை. உங்கள் எண்ணில் இன்னொருவர் பணம் வாங்கும்போது, குறைந்த 320 ராண்ட் உங்களுடையது என்று எப்படி முடிவு செய்தார்கள்? மாலையில் பணத்தை எண்ணும்போது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா, அல்லது கடைசி டாக்சியைப் பிடிக்க ஓடிவிட்டு மறுநாள் காலையில் தொகையைக் கேட்டுக்கொண்டீர்களா? இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. மேலாளரின் குரல் உரத்திருந்தது என்பதை எழுதத் தெரிந்த உங்களுக்கு, அவர் சொன்ன கணக்கு சரியா என்று கேட்கத் தோன்றவில்லை.

கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தை நான் அறிவேன். இந்த நாட்டில் உழைக்கத் தயாராக இருப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை. அந்தப் பயத்தை நான் இளக்காரமாகப் பேசவில்லை. ஆனால் 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி, மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோருக்கு உங்களைவிடப் பயம் அதிகமாகவே இருந்திருக்கும். ஒப்பந்தம் முடிந்து 1871-இல் ஊர் திரும்பியவர்கள், கூலி தராமல் நிறுத்தியதையும் அடித்ததையும் சென்னையில் அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அதன் பேரில் 1872-இல் நேட்டாலில் விசாரணைக் குழு அமைந்தது. இடையில் நின்றுபோயிருந்த, ஆள் ஏற்றிய கப்பல்கள் 1874-இல்தான் மறுபடி வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் இருந்த கூட்டம் அது. நீங்கள் எனக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கடைக்கு நான்கு வரி எழுத உங்களால் முடியும்.

குறைந்த தொகை எவ்வாறு கணக்கிடப்பட்டது, யார் எண்ணினார், என் எண்ணை இடைவேளையில் பயன்படுத்தியவர் யார் என்று கேட்டு, கட்டிய 740 ராண்டைத் திருப்பித் தருமாறு எழுதிக் கொடுத்து ஒரு நகலில் கையொப்பம் வாங்குங்கள். இனி உங்கள் எண்ணில் மற்றவர் உட்காரச் சம்மதிக்க முடியாது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். இதற்காக வேலையிலிருந்து நீக்கினால் முப்பது நாள்களுக்குள் சி.சி.எம்.ஏ. எனப்படும் சமரச ஆணையத்தில் முறையிடுங்கள். அங்கே கட்டணம் கிடையாது. பெரிய வெள்ளி பொது விடுமுறை. ஒப்பந்தத்தில் சம்மதித்திருந்தாலொழிய அன்று வரச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள். விடுங்கள், ஏழு ஆண்டுகளில் உங்களை உயர்த்தாத இடம் எட்டாம் ஆண்டில் உயர்த்தும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இந்த மாதம் விடாதீர்கள், பீனிக்ஸ் கடையை நம்பியும் விடாதீர்கள். சம்பளத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்பவரிடம் பிறகு பேசச் சம்பளம் இருக்காது. அவர் மாதத் தொகையை எழுதித் தந்தால் யோசிக்கலாம். நீங்களாக விலகினால் வேலையின்மைக் காப்பு நிதியிலிருந்து உதவித்தொகை கிடைக்காது. ஏழு ஆண்டுகள் மாதாமாதம் சம்பளத்தில் ஒரு விழுக்காடு கட்டியிருந்தாலும் கிடைக்காது. அப்போது வீட்டில் வரும் பணம் அம்மாவுடையது மட்டுமே. மூன்று தடவை அதில் கை வைத்தவர், வேலையில்லாத மாதத்தில் நான்காம் தடவையும் வைப்பார். ஆகவே வேறிடத்தில் எழுத்துபூர்வமான வேலையைப் பிடித்தபின், நான்கு வார முன்னறிவிப்பை எழுதிக் கொடுத்து, மிச்ச விடுப்புக்கான பணத்தையும் பணிச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.

கடை 740 ராண்டைத் திருப்பித் தரும்வரை அம்மா காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சம்பளத்திலிருந்து நீங்களே அதை அவர் கையில் கொடுங்கள். வேண்டாம் என்பார், கேட்காதீர்கள். அந்த மூன்று நாள்களிலும் சாப்பாட்டு வேளையில் உங்கள் கல்லாவில் உட்கார்ந்தவர் யார் என்பதை, நினைவு மங்குவதற்கு முன், இன்றிரவே தேதியோடு எழுதி வையுங்கள்.