பக்கம் திறக்காமல் சுற்றுகிறதா? மூலையைப் படியுங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, பிரவுசர் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பற்றியவை. பக்கம் திறக்காமல் நிற்கும்போது திரையின் இடது கீழ் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி தெரியும். அதைப் படித்து அப்படியே எழுதுங்கள் என்று போன முறையும் கேட்டிருந்தேன். எழுதியவர் ஒரே ஒருவர். அவருக்கே முதல் பதில்.

ஒரே வைஃபையில் செல்போனில் எல்லாம் திறக்கிறது. லேப்டாப்பில் மட்டும் 'ரிசால்விங் ஹோஸ்ட்' என்று நின்றுவிடுகிறது. (கல்லூரி மாணவர், அரூர்)

தளத்தின் பெயருக்கு உரிய எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை. நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் நீங்கள் போடாத எண் ஏதாவது ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் முதலில் வைரஸ் சோதனை செய்யுங்கள்.

என் கம்ப்யூட்டரில் நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது. என்ன செய்யலாம்? (பாலக்கோடு)

எந்த பிரவுசர்? எந்த விண்டோஸ்? எத்தனை ஜிபி ரேம்? உங்கள் ஊர் மண்டியில் தக்காளி விலை கேட்டால்கூட எந்த ரகம், எத்தனை கிலோ பெட்டி என்று திருப்பிக் கேட்பார்கள். மூலையைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மாங்கூழ் ஆலை அலுவலகத்தில் பழைய கணினி. காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது. மதியத்துக்குள் தானாகச் சரியாகிவிடுகிறது. (காவேரிப்பட்டணம்)

நாளை காலை கணினியைப் போட்டதும் தேதியைப் பாருங்கள்; பல ஆண்டு பின்னால் இருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் குறிப்பிட்ட நாட்களுக்குள்தான் செல்லும். கணினியின் தேதி தவறினால் பிரவுசர் நம்ப மறுக்கும். மதியத்துக்குள் விண்டோஸ் இணையத்திலிருந்து நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர் 2032. தீர்ந்துவிட்டது. நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை.

இ-சேவை மையம் நடத்துகிறேன். குரோம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிமிடம் நிற்கிறது. கடைக்காரர் ஃபார்மட் செய்து கொடுத்தார். ஒரு வாரத்தில் மறுபடி அதே தொல்லை. இன்னொரு முறை ஃபார்மட் செய்யலாமா? (பென்னாகரம்)

வேண்டாம், வேண்டாம், வேண்டாம். பிரவுசர் நின்றதற்காக ஃபார்மட் செய்வது, கதவு கிறீச்சிட்டதற்காக வீட்டை இடிக்கிற வேலை. எங்கள் தொழிலில் இருப்பவர்களே இதைச் செய்வதுதான் எனக்கு ஆறாத கோபம். காரணம் தேட அரைமணி நேரம் ஆகும். ஃபார்மட்டுக்கு மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை, கூலியும் கூடுதல்.

உங்கள் கணினியில் என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். ஃபார்மட் ஆனதும் குரோமில் உங்கள் ஜிமெயில் கணக்கைப் போட்டிருப்பீர்கள். கணக்கில் சேமித்ததைக் கணினிக்குக் கொண்டுவரும் 'சிங்க்' வசதி இயங்கினால் புக்மார்க்குகளோடு பழைய எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி நிரல்கள்) வரிசையாக வந்து ஏறிக்கொள்ளும். நோய் வட்டில் இல்லை, கணக்கில் இருந்தது. போன மாதம் தருமபுரியில் என் மேசைக்கு வந்த ஒரு கணினியில் பதினேழு எக்ஸ்டென்ஷன்கள். அதில் ஐந்து, பிடிஎஃப் மாற்றித் தருவதாகச் சொல்பவை. அதுவும் இரண்டு முறை ஃபார்மட் ஆன கணினி. பேக்கப் எடுக்காததால் அதைக் கொண்டுவந்த அம்மா மகளின் கல்யாணப் புகைப்படங்களை இழந்திருந்தார்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், N மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைநிலைச் சாளரத்தை (இன்காக்னிட்டோ) திறங்கள். நீங்களாக அனுமதிக்காத வரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே இயங்காது. அங்கே பக்கம் சட்டென்று திறந்தால் குற்றவாளி அகப்பட்டான். எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் நின்றால், அரசுச் சான்றிதழ் தளம் ஒன்று மட்டுமா, எல்லாத் தளங்களுமா என்று கவனியுங்கள். ஒன்று மட்டும் என்றால் மூலையில் 'வெயிட்டிங் ஃபார்' என்று அதன் பெயர் நிற்கும். கூட்ட நாட்களில் அந்தத் தளத்தின் சர்வர் திணறினால் நீங்கள் இங்கே என்ன செய்தும் பயனில்லை. ஒன்று மறக்காதீர்கள்: ஃபார்மட் செய்தால் கைரேகைக் கருவியின் டிரைவரையும் பிரிண்டரையும் மறுபடி நிறுவ வேண்டும். அந்த அரைநாள் வருமானத்தை யார் தருவார்கள்?

விண்டோஸ் செவன். குரோம் அப்டேட் ஆக மறுக்கிறது. (தேன்கனிக்கோட்டை)

ஆகாது. செவனை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. அதில் ஏறும் கடைசி குரோம், 2023இல் வந்த 109. புதிய தளங்கள் அதில் அரைகுறையாகத் திறந்து நிற்பதில் வியப்பில்லை. பேக்கப் எடுத்துக்கொண்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள், அல்லது கணினியை மாற்றுங்கள். வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

எப்போதும் நாற்பது டேப் திறந்திருக்கும். ரேம் 4 ஜிபி. மாலையானால் உறைந்துவிடுகிறது. (ஓசூர்)

ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று குரோமே பட்டியல் போடும். முப்பதை மூடுங்கள்.

இரவு ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் எதுவும் திறப்பதில்லை. வீட்டில் ஒரு டிவியும் நான்கு செல்போன்களும் இதே வைஃபையில்தான் இருக்கின்றன. ரவுட்டர் இரும்பு பீரோவின் மேல் இருக்கிறது. (ஊத்தங்கரை)

கேள்வியிலேயே பதிலையும் எழுதிவிட்டீர்கள். பீரோவிலிருந்து இறக்குங்கள். டிவியையும் செல்போன்களையும் பத்து நிமிடம் துண்டித்துவிட்டு, லேப்டாப்பை வயரில் இணைத்துப் பாருங்கள். அப்போதும் நின்றால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் மூலையைப் படித்துக்கொள்ளுங்கள்.