உடுத்த முடியாத உடை எதற்கு?

கேள்வி: பாரிஸ் ஆடை அணிவகுப்புகளைப் பார்த்தால், வீட்டு வாசற்படிக்குள்கூட நுழையாத கவுன்கள்தாம் கண்ணில் படுகின்றன. ஆடை வடிவமைப்புப் படிக்கும் என் மகளோ, ‘ஓத் கூத்யூர்’தான் தையலின் உச்சம் என்கிறாள். உடுத்த முடியாத உடையால் யாருக்கு என்ன பயன்?
– வாசகி ஒருவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் ஊரில் பிரெஞ்சு தெரிந்த பெரியவர்களைக் கேளுங்கள், ‘கூத்யூர்’ என்றால் தையல், ‘ஓத் கூத்யூர்’ என்றால் உயர்ந்த தையல் என்பார்கள். 1858இல் பாரிசில் கடை திறந்த சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயரிடமிருந்து இம்மரபு தொடங்குகிறது. 1945 முதல் அந்தப் பெயருக்குப் பிரான்சில் சட்டப் பாதுகாப்பு உண்டு; பாரிசில் சொந்தத் தையற்கூடம் வைத்து, ஒருவருக்கென்றே அளவெடுத்து, அணிவித்துப் பார்த்துத் திருத்தித் தைக்கும் நிறுவனங்களுக்கே அது உரியது. ஒரே ஓர் உடம்புக்குப் பிசகின்றிப் பொருந்துவதற்காகவே பிறந்த இந்தத் தையலை உடுத்த முடியாதது என்று ஒதுக்குவது நியாயமாகாது.

மேடையில் வருவது ஒரு மாதிரி உடைதான். அதை வாங்குபவர் கழுத்தை ஏற்றவோ, கையை நீட்டவோ, தரையில் புரளும் துணியைக் குறைக்கவோ சொல்லலாம். முதலில் உடை முழுவதையும் விலை மலிந்த காடாத் துணியில் தைத்து, ஆள்மீது போட்டு, தோளிலும் இடுப்பிலும் குண்டூசி குத்திச் சரிபார்த்த பிறகுதான் பட்டில் கத்திரி வைப்பார்கள். கல்யாண ஜாக்கெட் தைக்கும் நம் தையற்காரர், பின்னாளில் பிரித்துவிட வசதியாக உள்தையலில் இரண்டு விரல் துணி விட்டுவைக்கிறாரே, அந்த அக்கறை அங்கேயும் உண்டு.

தெருவில் அணியவே முடியாதவையும் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2023 ஜனவரியில் விக்டர் & ரோல்ஃப் என்ற வடிவமைப்பாளர் இருவர் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் நிற்கும் கவுன்களைக் காட்டினார்கள்; அவை உடை என்பதைப் பற்றிய ஒரு சிந்தனை, அவ்வளவே. நிறுவனத்தின் வாசனைத் திரவியத்தையும் கைப்பையையும் விற்பதற்கு இத்தகைய காட்சிகள் உதவுகின்றன என்பதும் உண்மை.

ஆயினும் இதன் பெரிய பயன் கைத்தொழிலைக் காப்பதே என்று உறுதியாக நம்புகிறேன். சரிகை, இறகு, மணி கோக்கும் வேலை ஆகியவற்றுக்கு இயந்திரத் தையலில் இடமில்லாமல் போன காலத்திலும், 1924இல் தொடங்கிய லெசாஜ் போன்ற பூவேலைக் கூடங்கள் இந்த உடைகளை நம்பியே பிழைத்தன. 2002இல் ஷனேல் நிறுவனம் லெசாஜை வாங்கிக்கொண்டதும் அந்தக் கைகளை இழந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடும் அவர்களுடைய லூனேவில் முறை, நம் ஆரி வேலைக்கு நெருங்கிய உறவு. 2020 ஜனவரியில் ராகுல் மிஸ்ரா பாரிஸ் ஓத் கூத்யூர் அணிவகுப்பில் இடம்பெற்ற முதல் இந்திய வடிவமைப்பாளர் ஆனதும், நம் நாட்டுக் கைப்பூவேலையை முன்னிறுத்தித்தான்.

மகளை ஒருநாள் ரோமன் ரோலண்ட் வீதியிலுள்ள குளூனி கன்னியர்களின் பூத்தையல் மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே ஒரு மேசைவிரிப்பைக் கையில் வாங்கி, முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பி, நூல் எங்கே முடிகிறது என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.