திடீரென நிறுத்திய ஸ்டீரொயிட் குளிசை

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. மூட்டுவாதத்துக்கு இரண்டு வருடமாகப் பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம் எடுத்தவர். முகம் ஊதிவிட்டது என்று அயலவர் சொன்னதால் தானாகவே நிறுத்திவிட்டார். ஐந்து நாளாகச் சாப்பாட்டில் மனமில்லை, சத்தி, எழும்பினால் தலைச்சுற்று. உப்புக்கஞ்சி கொடுத்தும் பயனில்லை. ஏன்?
- வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்காதீர்கள். கிளினிக் கொப்பியோடும் குளிசை மட்டையோடும் இன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மயங்கினாலோ குளிசை வயிற்றில் தங்காமல் சத்தி எடுத்தாலோ 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஹைட்ரோகோட்டிசோன் ஊசியும் சேலைனும் அவசரமாகத் தேவைப்படலாம்.

இரண்டு சிறுநீரகங்களின் மேலும் ஏறக்குறைய 5 கிராம் எடையில் அதிரீனல் சுரப்பி உண்டு. அதன் மேற்பட்டையில் சுரக்கும் கோட்டிசோல் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் தாங்கிப்பிடிக்கிறது. ஒருநாளைக்குச் சுரப்பது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அம்மா எடுத்தது அதன் இருமடங்கு. முகம் ஊதியது அதனால்தான், அயலவர் கண்டது பொய்யல்ல. ஆனால் வெளியிலிருந்து இவ்வளவு வந்ததும், மூளையடியிலுள்ள பிட்யூட்டரி 'சுரந்தது போதும்' என்று கட்டளையை நிறுத்திவிடும். கோட்டிசோல் சுரக்கும் படை சுருங்கிவிடும். அது திரும்ப வேலை தொடங்க மாதக்கணக்காகலாம், ஐந்து நாள் காணாது.

கஞ்சி ஏன் உதவவில்லை? உடலில் உப்பைப் பிடித்துவைக்கும் அல்டோஸ்டெரோனும் இதே சுரப்பியில் வருவதுதான். ஆனால் அதற்குக் கட்டளை சிறுநீரகத்தின் ரெனினிலிருந்து வருவதால் அது பெரும்பாலும் தப்பிவிடும். அம்மாவுக்குக் குறைந்திருப்பது கோட்டிசோலாகத்தான் இருக்கவேண்டும். சுரப்பியே பழுதாகும் அடிசன் நோயில்தான் இரண்டும் குறையும். அப்போது முரசும் உள்ளங்கை ரேகைகளும் கறுக்கும், உப்பில் ஆசை கூடும்.

குளிசையை நிறுத்தத்தான் வேண்டுமென்றால் வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். 5 மில்லிகிராமுக்கு வந்தபின் சில வாரங்களுக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் என்று மிக மெதுவாக. காலைச் சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது நல்லது, உடலின் சொந்தக் கோட்டிசோலும் விடியலில்தான் உச்சம். வயல் காலத்தில் எலிக்காய்ச்சலோ டெங்கோ வந்தால் அளவைக் கூட்டவேண்டி வரும். எவ்வளவு என்று இப்போதே கேட்டுக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதிவைத்துவிடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் அதைக் காட்டுங்கள்.

கேள்வி: தொய்வுக்கு இழுக்கும் பம்பிலும் ஸ்டீரொயிட் உண்டாமே, அதுவும் இப்படிச் செய்யுமா?
- வாசகர், மாங்குளம்

பதில்: வழக்கமான அளவில் அரிது. நீண்டகாலம் பெரிய அளவில் இழுப்பவர்களுக்கு வரலாம். பம்பை நீங்களாக நிறுத்தாதீர்கள். இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும்.